கோடம்பாக்கக் கூடங்களிலிருந்து செம்பாக்கம் வீடுகளுக்கு: பல்தட ஒலிப்பதிவின் வரலாறு

சென்னையின் தென்புறத்தில், தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் சாலையை ஒட்டி அமைந்துள்ள செம்பாக்கம், ஏரியைச் சுற்றி வளர்ந்த சிற்றூராக நெடுங்காலம் இருந்து, பின்னர் நகராட்சியாகி, 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டபோது அதன் ஒரு பகுதியாயிற்று. தமிழ்த் திரையிசை வரலாற்றில் இவ்வூருக்கென்று தனி அத்தியாயம் கிடையாது. அவ்வரலாற்றின் தலைநகரான கோடம்பாக்கம் இங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வடக்கே, 1931இல் மின்மயமாக்கப்பட்ட கடற்கரை–தாம்பரம் ரயில் பாதையின் ஒரு நிறுத்தத்தில் இருக்கிறது. ஆயினும் ஒரு தலைமுறைக்கு முன் கோடம்பாக்கத்தில் மட்டுமே இயன்ற வேலை, அதாவது குரலையும் கருவிகளையும் தனித்தனியே பதிந்து, பின்னர் ஒன்றாகக் கலந்து ஒரு பாடலை முடிக்கும் வேலை, இன்று செம்பாக்கம் போன்ற புறநகர்களின் படுக்கையறைகளில் நடக்கிறது. அதற்கு உதவும் கையடக்கமான பல்தட ஒலிப்பதிவுக் கருவிகள், ஒவ்வொரு ஒலிக்கும் 'டிராக்' எனப்படும் தனித் தடத்தை ஒதுக்கி, அத்தடங்களை ஒரே காலக்கோட்டில் ஒன்றாக ஓடவிடுபவை. இவற்றின் வரலாற்றைத் தடங்களின் எண்ணிக்கை பெருகிய கதையாகவே சொல்வது வழக்கம். தமிழ்நாட்டின் இசைத்தொழிலை நோக்கினால் அதைவிட முக்கியமான எண் வேறொன்று: ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஒன்றாக அமர்ந்து வாசிக்கிறார்கள் என்பதே அது. கருவி வாங்குவோர் பெரும்பாலும் முதல் எண்ணைப் பார்த்து ஏமாறுகிறார்கள். இரண்டாவது எண் எப்படிச் சுருங்கியது என்பதை அறிந்தால் அந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

இந்தியாவில் வணிக அளவிலான ஒலிப்பதிவு, கிராமபோன் நிறுவனத்தின் பொறியாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்ததிலிருந்து தொடங்குகிறது. அடுத்த சில ஆண்டுகளில் அந்நிறுவனத்தின் பதிவுக் குழுக்கள் சென்னைக்கும் வந்தன. அக்காலப் பதிவில் ஒலிவாங்கி கிடையாது. பாடகர் ஒரு பெரிய உலோகக் குழலின் வாய்க்கு எதிரே நின்று உரத்துப் பாட, குழலின் மறுமுனையில் இருந்த ஊசி மெழுகுத் தட்டில் நேரடியாகக் கீறியது. எந்த ஒலி மிகுதியாகவும் எந்த ஒலி குறைவாகவும் பதிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்க இருந்த ஒரே வழி தூரம்தான்: பாடகர் குழலை ஒட்டியும், வயலின் சற்றுத் தள்ளியும், தாளக்கருவி இன்னும் தள்ளியும் அமர்த்தப்பட்டார்கள். பிற்காலத்தில் கலவைப் பலகையில் விரலால் செய்யப்பட்ட வேலையை அன்று பாயை நகர்த்திச் செய்தார்கள் எனலாம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே பதியும். இடையில் ஒருவர் தவறினால் மெழுகு வீணாகும், எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1925இல் மின் ஒலிவாங்கி புழக்கத்துக்கு வந்தபின் உரத்துப் பாட வேண்டிய கட்டாயம் போயிற்று. ஒரே மூச்சில் எல்லோரும் பிழையின்றி முடிக்க வேண்டிய கட்டாயம் போகவில்லை.

பேசும்படம் வந்தபோது இந்தக் கட்டாயம் இன்னும் இறுகியது. சென்னையிலேயே தயாரான முதல் தமிழ்ப் பேசும்படம் என்று குறிப்பிடப்படும் 'சீனிவாச கல்யாணம்' 1934இல் ஏ. நாராயணனின் சீனிவாசா சினிடோனில் எடுக்கப்பட்டது. அதன் ஒலிப்பதிவைச் செய்தவர் அவருடைய துணைவியார் மீனாட்சி நாராயணன். இந்தியத் திரையுலகின் முதல் பெண் ஒலிப்பதிவாளராக அவர் கருதப்படுகிறார். அன்றைய படங்களில் நடிகர் காமிராவின் முன் பாடிக்கொண்டே நடிக்க, வாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணுக்குப் படாமல் அருகிலேயே அமர்ந்து வாசித்தார்கள். இம்முறையில் முதல் விரிசலை உண்டாக்கியது பின்னணிப் பாடல். 1938இல் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கட்ராமனின் குரல் தனியே பதியப்பட்டு, திரையில் வேறொருவரின் வாயசைப்போடு பொருத்தப்பட்டது. குரலும் முகமும் வெவ்வேறு நேரங்களில், வெவ்வேறு இடங்களில் பதிவாகலாம் என்பது ஏற்கப்பட்டுவிட்டது. பல்தடப் பதிவின் கருவி அன்று இல்லை என்றாலும் அதன் அடிப்படை எண்ணம் அப்போதே தமிழ்நாட்டுத் தொழிலுக்குள் நுழைந்துவிட்டது என்று சொல்லலாம்.

அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் ஏவிஎம், வாகினி, பிரசாத் முதலிய நிறுவனங்களின் பதிவுக் கூடங்களில் உருவான பணிமுறை, பெரிய குழுவொன்றின் ஒழுங்கை நம்பியிருந்தது. வயலின் வரிசைகள், குழல், சிதார், தபலா, டோலக், எக்காளம் என்று பத்துக்கணக்கான கலைஞர்கள் ஒரே கூடத்தில் அமர, பாடகர் சிறிய தனியறையில் நிற்க, ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஒவ்வொரு ஒலிவாங்கியின் அளவையும் அந்த நேரத்திலேயே கூட்டிக் குறைத்து, எல்லாவற்றையும் ஒரே தடத்தில் கலந்துவிடுவார். கலந்தது கலந்ததுதான், மறுநாள் வயலினை மட்டும் குறைக்க வழியில்லை. அதனால் ஒத்திகையே பதிவின் பெரும்பகுதியாக இருந்தது. காலை ஒன்பது மணிக் கால்ஷீட்டில் தொடங்கும் ஒத்திகை நண்பகல் வரை நீள்வதும், கடைசிச் சரணத்தில் ஒருவர் ஒரு ஸ்வரம் பிசகியதால் இன்னொரு 'டேக்' போவதும் அன்றாட நிகழ்ச்சிகள். இவ்வளவு பேரின் நேரத்துக்கும் கூடத்தின் வாடகைக்கும் பணம் வேண்டியிருந்ததால், திரைப்படத் தயாரிப்பாளரோ இசைத்தட்டு நிறுவனமோ பின்னால் இல்லாத எவரும் தரமான பதிவை எண்ணிப்பார்க்க இயலாது. தாம்பரத்துச் சர்ச்சில் பாடிய குழுவுக்கும், கோயில் திருவிழாவில் மேடையேறிய மெல்லிசைக் குழுவுக்கும் பதிவு என்பது எட்டாத கனியாகவே இருந்தது.

எல்லோரும் ஒன்றாக வாசிக்க வேண்டும் என்ற விதியை உடைத்த இயந்திரம் அமெரிக்காவில் பிறந்தது. கித்தார் கலைஞர் லெஸ் பால், ஒரு தட்டில் தாம் வாசித்ததை ஒலிக்கவிட்டு அதனோடு சேர்ந்து வாசித்து வேறொரு தட்டில் பதியும் சோதனைகளை 1940களிலேயே செய்துவந்தார். 1957இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் அவருக்கு எட்டுத் தடக் காந்த நாடாக் கருவியொன்றைச் செய்து கொடுத்தது. அதன் விலை 10,000 டாலர். அக்கருவியின் நுட்பம் எளிமையானது, ஆனால் அதுவின்றி மற்றது எதுவும் இல்லை. நாடாக் கருவியில் பதியும் தலையும் ஒலிக்கும் தலையும் ('ஹெட்') ஓரிரு அங்குல இடைவெளியில் இருப்பதால், முன்பு பதிந்ததைக் கேட்டுக்கொண்டே புதிதாகப் பதிந்தால் இரண்டுக்கும் இடையே ஒரு கணம் பிந்தும், தாளம் கெடும். எனவே பழைய தடங்களை ஒலிக்கும் தலையில் கேட்காமல், பதியும் தலையையே தற்காலிகமாகக் கேட்கும் தலையாக மாற்றிக்கொள்ளும் முறையை ஆம்பெக்ஸ் பொறியாளர்கள் உருவாக்கினார்கள். இன்று கைப்பேசியில் பாடிப் பதிபவர் இதை அறிய வேண்டியதில்லை. ஆயினும் அவர் காதுக்குள் தாளம் பிந்தாமல் கேட்பதற்கு, வேறு வடிவில், இதே சிக்கலுக்குக் கண்ட தீர்வுதான் காரணம். எட்டுத் தட முறை பரவ நெடுநாள் ஆயிற்று. இலண்டன் அபே ரோட்டில், இந்தியாவில் எச்.எம்.வி. தட்டுகளை வெளியிட்ட நிறுவனத்தின் தாய்க் கூடத்திலேயே, 1967இல் பீட்டில்ஸ் குழு தன் புகழ்பெற்ற இசைத்தொகுப்பை நான்கு தடக் கருவிகளில்தான் முடித்தது.

சென்னைக்குப் பல்தடம் படிப்படியாக வந்தது. 1978இல் வெளியான 'பிரியா' படத்துக்காக இளையராஜா இசையமைத்த பாடல்கள் ஸ்டீரியோ முறையில் பதிவானது அந்த மாற்றத்தின் மைல்கல்லாகக் குறிப்பிடப்படுகிறது. தடங்கள் பிரிந்ததும் வேலைகளும் பிரிந்தன. முன்னணிப் பாடகர் ஊரில் இல்லாதபோது வேறொருவர் அதே பாடலைத் தற்காலிகமாகப் பாடிவைப்பதும், அதைக் கேட்டு வாத்தியக்காரர்கள் வாசிப்பதும், பின்னர் முன்னணிப் பாடகர் வந்து அந்தத் தடத்தின் இடத்தில் தம் குரலைப் பதிவதும் வழக்கமாயிற்று. இதற்கு 'டிராக் பாடுதல்' என்று பெயர். பல பாடகர்களுக்கு இது நுழைவாயிலாகவும், சிலருக்கு வெளியேற முடியாத முன்னறையாகவும் அமைந்தது. 1986இல் வெளியான 'புன்னகை மன்னன்' படத்தின் இசையில் கணினியோடு இணைந்த சீக்வென்சர், அதாவது ஸ்வரங்களையும் தாளத்தையும் கட்டளைகளாக நினைவில் வைத்து மின்னிசைக் கருவிகளைத் தானே வாசிக்கச் செய்யும் சாதனம், பயன்பட்டது. கூடத்தில் அமர்ந்தோர் எண்ணிக்கை குறையத் தொடங்கியதை அங்கிருந்து தெளிவாகக் காணலாம். இதனால் வேலையிழந்த வாத்தியக்காரர்களின் கதை இன்னும் முறையாக எழுதப்பட வேண்டியது.

இதற்கிடையே பல்தடம் வீட்டுக்குள் நுழைய வழி செய்தது, எவரும் உயர்வாக மதிக்காத ஒரு பொருள்: பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா கேசட். அதன் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. சாதாரணக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு, மறுபக்கத்துக்கு இரண்டு என நான்கு தடங்கள் இருந்தன. ஜப்பானின் டாஸ்காம் நிறுவனம் 1979இல் வெளியிட்ட 'போர்ட்டாஸ்டூடியோ 144' இந்த நான்கையும் ஒரே திசையில் ஓடவிட்டு, நாடாவின் வேகத்தையும் இரு மடங்காக்கி, சிறிய கலவைப் பலகையையும் ஒரே பெட்டிக்குள் அடக்கியது. நான்கு தடங்கள் போதாவிட்டால், மூன்றில் பதிந்ததைக் கலந்து நான்காவதில் ஏற்றிவிட்டு, அந்த மூன்றையும் மீண்டும் பயன்படுத்தலாம். இவ்வாறு ஏற்றும்போதே ஒவ்வொரு முறையும் ஒருவர் உடன் வாசித்தால் நான்கு தடங்களில் பத்துப் பகுதிகள் வரை சேர்க்க இயலும். ஒவ்வொரு ஏற்றத்திலும் நாடாவின் இரைச்சல் கூடிக்கொண்டே போகும் என்பதும், முதலில் கலந்ததைப் பின்னர் பிரிக்கவே முடியாது என்பதும் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தம் வீட்டில் இக்கருவியில் முன்மாதிரியாகப் பதிந்தவற்றையே 1982இல் 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தொகுப்பாக வெளியிட்டபின், வீட்டுப் பதிவை ஒத்திகைச் சரக்கு என்று ஒதுக்குவது கடினமாயிற்று.

சென்னைப் புறநகரில் 1980களில் கேசட் எல்லா வீடுகளிலும் இருந்தது. போர்ட்டாஸ்டூடியோ மிகச் சில வீடுகளில்தான் இருந்திருக்க முடியும். மின்னணுக் கருவிகளின் மீதான சுங்க வரி 100 விழுக்காட்டுக்கு மேல் இருந்த காலம் அது. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வரும் உறவினரின் பெட்டியும், பர்மாவிலிருந்து திரும்பியோருக்காக 1969இல் தொடங்கப்பட்ட பர்மா பஜாரும்தான் அத்தகைய பொருள்களின் வாசல்கள். இல்லாதவர்கள், வானொலியும் கேசட்டும் சேர்ந்த இரண்டு டூ-இன்-ஒன்களை எதிரெதிரே வைத்து, ஒன்றில் ஆர்மோனியத்தை ஒலிக்கவிட்டு அதனோடு சேர்ந்து பாடி மற்றதில் பதிந்தார்கள். நாற்பதாண்டுகளுக்கு முன் லெஸ் பால் தட்டுகளில் செய்ததே இது. மின்விசிறியின் சத்தம் மட்டும் கூடுதல்.

தமிழ்நாட்டில் வீட்டிலிருந்து பல்தடப் பதிவு எழுந்த வரலாற்றில் மையமான நிகழ்வு கோடம்பாக்கத்திலேயே, ஆனால் அதன் பெரிய கூடங்களுக்கு வெளியே நடந்தது. இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் 1976இல் மறைந்தபின் அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அவர் குடும்பம் வாழ்ந்தது. அவருடைய மகன் ஏ.ஆர். ரகுமான், பிற இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்தும் விளம்பரங்களுக்கு இசையமைத்தும் வந்த நிலையில், 1989இல் தம் வீட்டின் பின்புறத்தில் 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்ற கூடத்தைக் கட்டினார். கட்டிமுடித்தபின் கருவி வாங்கப் பணமில்லை. குளிரூட்டியும் ஓர் அலமாரியும் தரைவிரிப்பும் மட்டுமே உள்ள வெற்று அறையில் அமர்ந்திருந்ததாகவும், தாயார் கரீமா பேகம் நகைகளை அடகு வைத்துக் கொடுத்த பணத்தில்தான் பாஸ்டெக்ஸ் நிறுவனத்தின் 16 தடப் பதிவுக் கருவியை வாங்கியதாகவும் அவர் பின்னாளில் பேட்டிகளில் கூறியுள்ளார். பெரிய கூடங்களில் 16 அல்லது 24 தடங்களுக்கு இரண்டு அங்குல அகல நாடா வேண்டும். பாஸ்டெக்ஸ் அதே 16 தடங்களை அரை அங்குல நாடாவில் நெருக்கி, அதனால் கூடும் இரைச்சலை டால்பி முறையால் அடக்கி, கருவியின் விலையையும் நாடாவின் செலவையும் ஒரு நடுத்தரக் குடும்பம் கடன்பட்டாவது எட்டக்கூடிய அளவுக்கு இறக்கியிருந்தது. பெரிய கூடத்தின் பொறியாளர் அதைக் குறைபட்ட சமரசம் என்றே சொல்லியிருப்பார், அதில் தவறும் இல்லை. ஆனால் இரண்டு அங்குல நாடாவால் தர முடியாத ஒன்றை அது தந்தது: மணிக்கணக்கில் வாடகை ஓடாத நேரம்.

அந்த நேரம் பணிமுறையையே மாற்றியது. கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக, பெரும்பாலும் இரவில் வந்தார்கள். எழுதிய ஸ்வரங்களை வாசிப்பதோடு நில்லாமல் மனம்போனபடி வாசித்துக் காட்டவும் அவர்களுக்கு இடம் இருந்தது; அவற்றுள் பொருந்தியதைப் பின்னர் தேர்ந்தெடுத்துப் பாடலில் வைக்க முடிந்தது. ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதரின் நுட்பமும் சேர, 1992 ஆகஸ்டில் வெளியான 'ரோஜா' படத்தின் பாடல்கள் அன்றைய கேசட் கடைகளில் ஒலித்தபோது, தாழ்சுருதி ஒலிகளின் துல்லியமும் கருவிகளுக்கிடையே இருந்த வெளியும் கேட்டோரைத் திகைக்க வைத்தன. வீட்டில் தயாரான ஒலி கூடத்து ஒலியை மிஞ்சும் என்பதற்கு அதைவிட வலுவான சான்று தேவைப்படவில்லை. அதே வேளையில், ஐம்பது பேர் ஒரு கூடத்தில் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசித்ததில் இருந்த உயிர்ப்பு அன்றோடு பின்வாங்கத் தொடங்கியது என்பதையும் வரலாறு பதிய வேண்டும். ஒருவர் பின் ஒருவராகப் பதிவதற்கு 16 தடங்கள் வேண்டும், ஆனால் ஒலிவாங்கி ஒன்றோ இரண்டோ போதும். இந்தக் கணக்கைத்தான் அடுத்து வந்த எல்லா வீட்டுக் கருவிகளும் பின்பற்றின.

எண்முறைக் கருவிகளின் வரலாறு விரைவானது. 1991இல் அறிவிக்கப்பட்ட அலிசிஸ் நிறுவனத்தின் 'ஏடாட்', வீடியோ நாடாவில் எட்டு எண்முறைத் தடங்களைப் பதிந்தது. 3,995 டாலர் விலையும், 16 கருவிகளை இணைத்தால் 128 தடங்கள் கிடைக்கும் என்ற வாய்ப்பும் பெரிய கூடங்களின் தனியுரிமையைத் தகர்த்தன. 1996இல் ரோலண்டின் 'விஎஸ்-880' நாடாவையே நீக்கிவிட்டுக் கணினியின் வன்தட்டைப் பயன்படுத்தியது. அவ்வாண்டே யமஹாவின் 'எம்டி4' மினிடிஸ்க்கில் நான்கு தடங்களைப் பதிந்தது. பின்னர் நினைவக அட்டைகள் வந்தன. 2009இல் வெளியான ஜூம் 'ஆர்16', எஸ்டி அட்டையில் 16 தடங்களைக் கொண்டதாகவும், ஒரே நேரத்தில் எட்டு ஒலிவாங்கிகளை ஏற்பதாகவும், ஆறு பென்சில் பேட்டரிகளில் இயங்குவதாகவும், கணினியோடு இணைத்தால் அதன் ஒலி இடைமுகமாகவும் செயல்பட்டது. இப்பட்டியலில் பேட்டரி என்ற சொல்லை வெளிநாட்டு வாசகர் கவனிக்காமல் கடந்துவிடலாம். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டில் வாழ்ந்தவர் அதைத்தான் முதலில் படிப்பார்: பாதிச் சரணத்தில் மின்சாரம் போனால் கணினியில் சேமிக்காத பதிவும் போகும், இன்வெர்ட்டரில் ஓடினால் மெல்லிய ரீங்காரம் ஒலியோடு கலக்கும் வாய்ப்புண்டு; பேட்டரிக் கருவிக்கு இரண்டு தொல்லையும் இல்லை.

செம்பாக்கத்து வீடு ஒலிப்பதிவுக்குத் தரும் சூழலைத் தனியே நோக்க வேண்டும். காங்கிரீட் கூரையும் வெறுஞ்சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள பத்துக்குப் பத்து அறையில் கைதட்டினால், தட்டிய ஓசைக்குப் பின்னால் கூர்மையான எதிரொலி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அது குரலோடு பதிந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் முழுதாக நீங்காது. வேளச்சேரி சாலையின் ஒலிப்பான்கள், சேலையூரை ஒட்டிய விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள், மழைநாளின் இரவில் ஏரிப்பக்கத் தவளைகள் ஆகியவை வேறு. சுவரில் ஒட்டும் நுரைப்பஞ்சுக்குச் செலவிடுமுன், துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதற்கு எதிரே நின்று பாடுவதும், பின்னால் மெத்தையொன்றைச் சுவரில் சாய்ப்பதும், மின்விசிறியை நிறுத்துவதும் பலன் தரும். நுண்ணொலிகளையும் இழுத்துக்கொள்ளும் கண்டென்சர் மைக், அமைதியான கூடத்துக்கு உகந்தது. இத்தகைய அறையில் வாய்க்கு நான்கு விரற்கடைத் தொலைவில் வைக்கும் டைனமிக் மைக் தெருவைக் குறைவாகவும் குரலை மிகுதியாகவும் பதியும். கண்டென்சர் மைக் வேண்டுமென்றால் அதற்கு 48 வோல்ட் மின்னழுத்தத்தை ஒலிக்கம்பி வழியே தரும் வசதி கருவியில் இருக்க வேண்டும். மலிவான சிறு கருவிகள் சிலவற்றில் அது இருப்பதில்லை.

இனி எண்ணிக்கைக்கு வரலாம். தனியொருவர் கீபோர்டும் கித்தாரும் வாசித்துப் பாடி மெல்லிசையோ கிறித்தவப் பாடலோ அமைப்பாரானால், ஒரே நேரத்தில் இரண்டு உள்ளீடுகளும் மொத்தம் எட்டுத் தடங்களும் உள்ள கருவி போதுமானது. அவர் செய்வது ரோஜா வழியிலான பதிவு. கர்நாடக இசைக் கலைஞர் அவ்வழியில் போனால் இடறுவார். பாடகரின் கார்வைக்கு வயலின் பின்தொடர்வதும், நிரவலில் மிருதங்கம் பாடகரின் அடுத்த எண்ணத்தை ஊகித்து அழுத்தத்தைக் கூட்டுவதும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தால்தான் நிகழும். தனித்தனியே பதிந்து ஒட்டிய கச்சேரி, தாளம் பிசகாமல் இருந்தும் கேட்கச் சகிப்பதில்லை. எனவே குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் இரண்டு, கடத்துக்கு ஒன்று, தம்பூராவுக்கு ஒன்று என ஆறு உள்ளீடுகள் ஒரே நேரத்தில் வேண்டும். எட்டு உள்ளீடுகள் உள்ள கருவிதான் பொருந்தும். பெட்டியின் மேல் '24 டிராக்' என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும், பின்புறத்தில் எத்தனை மைக் துளைகள் உள்ளன, ஒரே அழுத்தலில் அவற்றில் எத்தனை தனித்தனித் தடங்களில் பதியும் என்பதைக் கேட்காமல் வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும். மூவரோ நால்வரோ பாடும் சர்ச் குழுவுக்கும் இவ்விதியே.

தடங்களின் தரம் குறித்துக் கவலைப்பட இன்று பெரிதாக ஒன்றுமில்லை. விநாடிக்கு 48,000 முறை, ஒவ்வொரு முறையும் 24 பிட் நுண்மையில் அளக்கும் கருவி, ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 மெகாபைட் இடத்தை எடுத்துக்கொள்ளும். எட்டுத் தடங்களில் ஒரு மணி நேரக் கச்சேரி 4 கிகாபைட்டைச் சற்றே தாண்டும். 32 ஜிபி அட்டையில் ஒரு சிறிய இசை விழாவையே அடக்கலாம். அண்மைக் காலத்தில் 32 பிட் மிதவைப் புள்ளி முறை வீட்டுக் கருவிகளுக்கும் வந்துள்ளது. ஒலியளவை முன்கூட்டியே சரிபார்க்காமல் விட்டாலும், திடீரென உயரும் ஒலி உடைந்து பதியாமல் இம்முறை காக்கும். ஜூம் 2023இல் வெளியிட்ட 'ஆர்4' இவ்வகையைச் சேர்ந்தது. தவிலையோ பறையையோ பதிவோருக்கு இது மெய்யான வரம். ஆனால் ஒலிவாங்கியே தாங்காமல் உடைத்துக் கொடுத்த ஒலியை எந்தப் பிட்டும் மீட்காது.

கணினியும் கைப்பேசியும் இருக்கத் தனிக் கருவி எதற்கு என்ற வினா நியாயமானது. திருத்துவதற்கும் கலப்பதற்கும் கணினியின் பெரிய திரைக்கு இவற்றின் விரலளவுத் திரை ஈடாகாது. நான்கு நிலைப் பட்டியலுக்குள் நுழைந்து ஒரு சொல்லை வெட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மறுபுறம், தனிக் கருவியில் அழைப்பு வராது, விசிறி சுழலாது, சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதியத் தொடங்கும். தோள்பையில் போட்டுக்கொண்டு மாடம்பாக்கத்துக் கோயில் மண்டபத்துக்கோ கிழக்குத் தாம்பரத்துச் சர்ச்சுக்கோ செல்லலாம். பதிவதைத் தனிக் கருவியிலும் கலப்பதைக் கணினியிலும் செய்வதே பெரும்பாலோருக்கு ஏற்றது. கருவியிலேயே எல்லாம் முடியும் என்ற விளம்பரத்தை நம்பிக் கூடுதல் விலை கொடுப்பது தேவையற்றது.

இந்த வரலாற்றில் இன்னொரு செய்தி, வாங்குவோர் பெரும்பாலும் பின்னரே அறிவது. போர்ட்டாஸ்டூடியோவில் பதிந்த கேசட்டைச் சாதாரண டேப் ரெக்கார்டரில் போட்டால், இரண்டு தடங்கள் பாதி வேகத்தில் இழுபட்டும், பக்கத்தைத் திருப்பினால் மற்ற இரண்டு பின்னிருந்து முன்னாகவும் கேட்கும். அக்கருவி பழுதானால் கேசட் நன்றாக இருந்தும் பாட்டு இல்லை. எண்முறைக் காலத்திலும் இது மாறிவிடவில்லை. விஎஸ்-880 முதலிய கருவிகள் இடத்தைச் சேமிக்கத் தமக்கே உரிய சுருக்க வடிவில் பதிந்ததால், வன்தட்டைக் கழற்றி இன்றைய கணினியில் இணைத்தால் நேரடியாகத் திறக்கக்கூடிய பாட்டு எதுவும் அதில் இராது. ஆகவே செம்பாக்கத்திலோ வேறெங்கோ இன்று கருவி வாங்குவோர், அது ஒவ்வொரு தடத்தையும் சாதாரண வேவ் கோப்பாகவே அட்டையில் எழுதுகிறதா என்பதைக் கடையிலேயே, அட்டையைக் கணினியில் செருகிக் காட்டச் சொல்லி, உறுதிசெய்துகொள்ள வேண்டும். பாட்டு முடிந்ததும் எல்லாத் தடங்களையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து தனித்தனிக் கோப்புகளாக எடுத்து, பாடியவர், வாசித்தவர் பெயர்களையும் சுருதியையும் தாளத்தையும் நாளையும் எழுதி, குறைந்தது இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். பழைய நான்கு தடக் கேசட்டுகளை அலமாரியில் வைத்திருப்போர், அவற்றை ஓட்டக்கூடிய கருவியும் அதைப் பழுதுபார்க்கக்கூடிய கையும் கிடைக்கும்போதே அவற்றை மாற்றிப் பதிந்துகொள்வது நல்லது.